‘விட்டால்’ என்ற சொல்லை விட்டுவிட்டார்கள்

2025 தேரோட்டம் முடிந்து ரெண்டு நாள் இருக்கும். மச்சினன் கங்கைகொண்டானில் ஷிப்ட் முடித்து வந்திருந்தான், அவனுக்கு ரீசார்ஜ் போடணும், எனக்கு டீ குடிக்கணும். ரெண்டு பேருமாக முருகன்குறிச்சி பக்கம் வழக்கமாகப் போகிற அண்ணாச்சி கடைக்குப் போனோம். பத்து நிமிஷத்தில் திரும்புவதாகப் போனவர்கள் ஒன்றரை மணி நேரம் நின்று சண்டை போட்டுவிட்டு வந்தோம். அதைத்தான் எழுதுகிறேன். வீட்டில் திட்டு வாங்கியதை எழுதவில்லை.

முதலில் அந்தக் கடை போர்டைச் சொல்லணும். தகர போர்டு. மேலே வி என்று பெரிய எழுத்து, அதன் ஓரம் மழையில் உரிந்து அடியில் வோடபோன் சிவப்பு தெரியும், இன்னும் கொஞ்சம் உரிந்த இடத்தில் ஹட்ச் காலத்து ரோஸ் கலர். அண்ணாச்சி பி.பி.எல். காலத்திலேயே கடை போட்டவர். பி.பி.எல். கையில் இருந்த தமிழ்நாடு வட்டம் ஹட்ச் கைக்குப் போனது, 2007-இல் ஹட்சை வோடபோன் வாங்கியது, 2018 ஆகஸ்ட்டில் ஐடியாவும் வோடபோனும் ஒன்றாயின, 2020 செப்டம்பரில் ‘வி’ என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் பழைய போர்டைக் கழற்றாமல் மேலேயே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான்கள். நகத்தால் சுரண்டினால் இந்திய டெலிகாம் வரலாறு கையோடு வரும்.

நாங்கள் போனபோது வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் போனை அண்ணாச்சி முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தார். வி கம்பெனியைப் பற்றி ஒரு யூடியூப் வீடியோ. சிவப்புப் பின்னணி, தலையில் கை வைத்த ஒரு ஆள், கொட்டை எழுத்தில் ‘மூடுவிழா! உங்கள் சிம் அவ்வளவுதான்!’ என்று.

“அண்ணாச்சி, இது மூடப் போகுதாமே, நம்பர மாத்திரட்டுமா?”

அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் என் மச்சினன் பாய்ந்துவிட்டான். “எல்லாம் பொய் தாத்தா. வேணும்னே கெளப்பி விடுதானுவ.”

அவன் கோபத்துக்குக் காரணம் உண்டு. 2024 ஏப்ரலில் வோடபோன் ஐடியா 18,000 கோடி ரூபாய்க்கு எஃப்.பி.ஓ. விட்டதல்லவா, அதாவது ஏற்கெனவே சந்தையில் இருக்கிற கம்பெனி மறுபடி பங்கு விற்பது, பங்கு 11 ரூபாய், ஒரு லாட்டுக்கு 1,298 பங்கு. அவன் ஒரு லாட் போட்டு 14,278 ரூபாய் கட்டினான். கொஞ்ச நாள் பதினெட்டு, பத்தொன்பது என்று ஏறியபோது எனக்கே பாடம் எடுத்தான். நாங்கள் கடைக்குப் போன அன்றைக்கு ஏழு ரூபாய்ச் சில்லறையில் கிடந்தது. ஆனால் அவன் கணக்கில் கம்பெனி மேல் ஒரு தப்பும் கிடையாது, எல்லாத் தப்பும் நியூஸ் போடுகிறவன் மேல்தான். 2024 செப்டம்பரில் கோல்ட்மேன் சாக்ஸ் என்கிற அமெரிக்க முதலீட்டு வங்கி இந்தப் பங்குக்கு இரண்டரை ரூபாய்தான் இலக்கு என்று அறிக்கை விட்டு ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்ததே, அந்த அறிக்கை எழுதினவன் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறான்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். பெரிய கம்பெனிக் கணக்கெல்லாம் எங்கள் மேசைக்கு வராது, அரிசி மில்லும் ஜவுளிக்கடையும்தான். ஆனாலும் வரவு எது, செலவு எது, யாருக்கு எப்போது கொடுக்கணும் என்று பார்க்கத் தெரியும். அந்தக் கண்ணால்தான் இந்தச் செய்திகளைப் படிக்கிறேன். படித்தவரைக்கும் சொல்கிறேன், மச்சினன் சொல்கிற மாதிரி இவை பொய் இல்லை. பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் பிரச்சினை.

அந்த மூடுவிழாவையே எடுத்துக்கொள்வோம். இது வந்தது கம்பெனியே எழுதிய கடிதத்திலிருந்து. 2025 ஏப்ரலில் தொலைத்தொடர்புத் துறைக்கு அவர்கள் எழுதியதன் சாரம் இதுதான்: அரசு கை கொடுக்காவிட்டால், அதனால் வங்கிக் கடன் கிடைக்காவிட்டால், 2025-26 நிதியாண்டுக்கு மேல் எங்களால் ஓட்ட முடியாது. மே மாதம் சுப்ரீம் கோர்ட்டில் வட்டி, அபராதத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிப் போட்ட மனுவும் தள்ளுபடியானது. இதெல்லாம் நடந்ததுதான். ஆனால் வீடியோவில் ‘கிடைக்காவிட்டால்’ போய்விட்டது, ‘ஓட்ட முடியாது’ மட்டும் நின்றுவிட்டது. ‘விட்டால்’ என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் கடன் கேட்டு எழுதிய கடிதம் கருமாதிப் பத்திரிகை ஆகிவிடும்.

அதைவிட மோசம் கடன் கணக்கைச் சொல்கிற விதம். ‘ரெண்டு லட்சம் கோடி கடன்!’ சரி. யாருக்கு? இதைக் கேட்டால் நம்ம ஆட்கள் எல்லாரும் பேங்க் என்றுதான் நினைப்பார்கள். 2025 மார்ச் கடைசியில் வங்கிகளுக்குக் கொடுக்கவேண்டியது வெறும் 2,330 கோடி சொச்சம். மற்றது கிட்டத்தட்ட 1.95 லட்சம் கோடி, அத்தனையும் அரசாங்கத்துக்கு. ஏலத்தில் எடுத்த ஸ்பெக்ட்ரம் தவணையும், ஏ.ஜி.ஆர். பாக்கியும், அதாவது வருமானத்தில் அரசுக்குச் சேரவேண்டிய பங்கின் பாக்கியும்.

இதைச் சொன்னதும் மச்சினன் குதித்தான். “பாத்தியளா அத்தான், பேங்க்ல கடனே இல்ல, கம்பெனி நல்லாத்தான் இருக்கு!” அங்கேதான் எனக்கும் அவனுக்கும் முட்டியது. பேங்க் கடன் குறைவாக இருக்கிறது என்றால், கடன் தேவைப்படாததால் குறைவாக இருக்கிறதா, எவனும் கொடுக்காததால் குறைவாக இருக்கிறதா? எங்கள் ஆபீஸுக்கு வருகிற ஒரு மில்காரர் இப்படித்தான் ‘எனக்கு ஒரு பைசா பேங்க் லோன் இல்லை’ என்று நெஞ்சை நிமிர்த்துவார். மூணு பேங்க்கிலும் கேட்டுப் பார்த்தாகிவிட்டது என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

ஏ.ஜி.ஆர். என்றால் என்ன என்று அண்ணாச்சி கேட்டார். அவர் வீட்டுக்குச் சேரன்மகாதேவி பக்கம் கொஞ்சம் வயல் உண்டு, வாரத்துக்கு விட்டிருக்கிறார். அதனால் வயலை வைத்தே சொன்னேன். “அண்ணாச்சி, பிசானத்துல விளைஞ்ச நெல்லுல உங்களுக்கு வாரம் உண்டு. சரியா? இப்ப உங்க ஆளு வைக்கோல வித்தான், வரப்புத் தென்னையில தேங்கா வித்தான், ஓய்வா இருக்கும்போது டிராக்டர வாடகைக்கு விட்டான். அதுலயும் எனக்குப் பங்கு உண்டும்னு நீங்க சொன்னா?”

“அடிக்க வருவான்.”

“எழுதின பத்திரத்துல ‘வருமானம் எதுவானாலும்’னு போட்டிருந்தா?”

அண்ணாச்சி யோசித்தார். “அப்ப கையெழுத்து போட்டவன் மடையன்.”

இவ்வளவுதான் அந்த ஏ.ஜி.ஆர். வழக்கு. 1999-இல் நிலையான லைசென்ஸ் கட்டணம் கட்ட முடியவில்லை என்று கம்பெனிகள் அழுதபோது, சரி, வருமானத்தில் பங்கு கொடுங்கள் என்று அரசு மாற்றிக்கொடுத்தது. எது வருமானம் என்பதில் தகராறு. போன் பேசுகிற காசு மட்டுமா, இல்லை டெபாசிட் வட்டி, கட்டட வாடகை, பழைய இரும்பை எடைக்குப் போட்ட காசு எல்லாமுமா? வருஷக்கணக்கில் கோர்ட், டிரிபியூனல் என்று இழுத்து, 2019 அக்டோபர் 24-இல் சுப்ரீம் கோர்ட் எல்லாமும்தான் என்று சொல்லிவிட்டது. எல்லாக் கம்பெனிக்கும் சேர்த்து லைசென்ஸ் கட்டணப் பாக்கி என்று துறை கோர்ட்டில் சொன்ன தொகை சுமார் 92,600 கோடி. அதில் அசல் எவ்வளவு தெரியுமா? 23,000 கோடி சொச்சம். மிச்சம் வட்டி, அபராதம், அப்புறம் அந்த அபராதத்துக்கு வட்டி. நாலில் ஒரு பங்குதான் அசல்! கந்துவட்டிக்காரன் கூட அபராதத்துக்கு வட்டி போட யோசிப்பான்.

அந்தத் தீர்ப்பு வந்த பிறகு வெளியிட்ட, 2019 செப்டம்பரோடு முடிந்த காலாண்டுக் கணக்கில்தான் வோடபோன் ஐடியா 50,922 கோடி நஷ்டம் காட்டியது. அதுவரைக்கும் இந்தியாவில் எந்தக் கம்பெனியும் ஒரு காலாண்டில் அவ்வளவு காட்டினதில்லை. மறுநாள் தலைப்புச் செய்தி எல்லாம் அந்த ஒற்றை எண்தான். நான் அன்றைக்குப் படித்த தமிழ்ச் செய்தியில், இதில் பெரும்பகுதி கோர்ட் தீர்ப்புக்காகக் கணக்கில் ஒதுக்கிய தொகை, கல்லாப்பெட்டியிலிருந்து அன்றைக்கே போன காசு இல்லை என்று ஒரு வரி கூட இல்லை. வோடபோன் ஐடியாவுக்கு மட்டும் துறை போட்ட பாக்கி 58,254 கோடி, கம்பெனி தானே போட்ட கணக்கு 21,533 கோடி. ரெண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைப் பற்றியே ஒரு நிருபர் பத்து நாள் எழுதலாம்.

இதுவரைக்கும் மச்சினன் பக்கம் பேசிவிட்டேன். இனி அவனுக்குப் பிடிக்காதது.

கம்பெனி பாவம், அரசாங்கம் நசுக்கிவிட்டது என்று ஒரு கதை ஓடுகிறது. பங்கு வைத்திருக்கிறவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் விடிந்தால் அடைந்தால் இதுதான். நான் கேட்கிறேன், வழக்கு அத்தனை வருஷம் நடந்ததே, தோற்றால் என்ன ஆகும் என்று முழுசாக ஒதுக்கி வைத்திருக்க வேண்டாமா? எங்கள் ஆபீஸில் ஜவுளிக்கடை முதலாளிக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்தால், அப்பீலில் ஜெயிப்போம் என்று எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும், ஒரு தொகையை ஓரமாக வைக்கச் சொல்லித்தான் எங்கள் ஆடிட்டர் சொல்வார். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து விலையை அடித்து நொறுக்கியது உண்மை. அதே ஜியோதான் ஏர்டெல்லுக்கும் எதிரே நின்றது, அவர்களுக்கும் ஏ.ஜி.ஆர். பாக்கி இருந்தது. ரெண்டு கம்பெனியும் ஒன்றானபோது 40 கோடிக்கும் மேல் வாடிக்கையாளர், நாட்டிலேயே முதல் இடம். 2025 மார்ச்சில் 19.8 கோடி. பாதிக்குப் பாதி காணோம். எல்லாரையும் யூடியூப் தம்ப்நெயில் விரட்டிவிட்டதா?

நஷ்டக் கணக்கிலும் இதே ரெண்டு முகம்தான். 2024-25-இல் நஷ்டம் 27,383 கோடி, வருமானம் 43,571 கோடி. பார்த்த உடனே நூறு ரூபாய் சம்பாதிக்க நூற்றி அறுபது ரூபாய் செலவழிக்கிறான் என்று தோன்றும். அப்படியில்லை. தேய்மானமும் வட்டியும் மட்டும் 45,000 கோடிக்கு மேல் போகும். அன்றாடத் தொழிலில், டவர் வாடகையும் போக, கையில் நிற்கிற ரொக்கம் 9,200 கோடி போல இருந்தது. அதாவது கடை ஓடுகிறது. இதைச் சொல்லாத செய்தி அநியாயம்தான். ஆனால் இதோடு நிறுத்துகிற மச்சினனும் அதே அநியாயத்தைத்தான் செய்கிறான், ஏனென்றால் அடுத்த எண்ணும் இருக்கிறது. 2021-இல் அரசு கொடுத்த நாலு வருஷத் தவணை விடுப்பு 2025-இல் முடிவதாக இருந்தது. அன்றைய கணக்குப்படி 2026 மார்ச்சில் கட்டவேண்டியிருந்த ஏ.ஜி.ஆர். தவணை மட்டும் 16,000 கோடிக்கு மேல், ஸ்பெக்ட்ரம் தவணை தனி. 9,200 வருகிறது, 16,000 போகணும். இதுக்கு ஆடிட்டர் வேண்டாம், அண்ணாச்சியே போதும்.

“அதான் கவர்மெண்டே பங்கு வாங்கிட்டுல்லா” என்றான் மச்சினன். வாங்கியதுதான். 2023 பிப்ரவரியில் 16,133 கோடி பாக்கியைப் பங்காக மாற்றி மூணில் ஒரு பங்கு, 2025 ஏப்ரலில் இன்னும் 36,950 கோடியை மாற்றி 48.99 சதவீதம். ஒரு பங்கு பத்து ரூபாய் என்று கணக்கு, அன்றைக்குச் சந்தையில் அதைவிடக் குறைவு. சும்மா சொல்லக்கூடாது, பெரிய உதவிதான். ஆனால் அதில் ஒரு ரூபாய் கூடப் புதுசாகக் கம்பெனிக்குள் வரவில்லை, கொடுக்கவேண்டியது குறைந்தது, அவ்வளவுதான். கூடவே மச்சினன் மாதிரி ஆட்களுடைய பங்கு தண்ணீர் ஊற்றின மோர் ஆகிவிட்டது. இதை ‘அரசு காப்பாற்றியது’ என்று ஒரு பக்கம் போட்டான், ‘அரசே விழுங்கியது’ என்று இன்னொரு பக்கம் போட்டான். மோர் விஷயத்தை விளக்கிச் சொன்னவன் என் கண்ணில் படவில்லை.

இந்த இடத்தில் அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்டார், அதற்கு எங்கள் ரெண்டு பேரிடமும் சட்டென்று பதில் இல்லை.

“ஏர்செல்லுக்கு எவன்வே முன்கூட்டி எழுதுனான்?”

இந்தத் தலைமுறைக்கு மறந்திருக்கும். 1999-இல் தமிழ்நாட்டில் ஆரம்பித்த கம்பெனி. கையில் நோக்கியாவும் உள்ளே ஏர்செல் சிம்மும் இல்லாத கல்லூரிப் பையன் அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் கிடையாது. சென்னை சூப்பர் கிங்ஸ் மஞ்சள் சட்டையில் அதுதான் பெரிசாக இருக்கும். 2016-இல் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு இணைப்பு என்று அறிவித்தார்கள், 2017 அக்டோபரில் அது முறிந்தது, 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க சிக்னல் விழுந்தது, அந்த மாதக் கடைசியிலேயே திவால் மனு. இணைப்பு முறிந்ததற்கும் டவர் அணைந்ததற்கும் நடுவே நாலு மாசத்துக்கு மேல் இருந்தது. அந்த நாலு மாசமும் பிசினஸ் பக்கத்தில் சின்னதாக ஏதோ வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் நம் ஊர்ச் சாமானியன் பார்க்கிற இடத்தில், ‘எச்சரிக்கை, நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று கொட்டை எழுத்தில் ஒன்றும் வரவில்லை.

சிக்னல் விழுந்த அந்த வாரம் இதே கடை வாசலில் நின்ற கூட்டம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. போர்ட் பண்ண, அதாவது அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாற, ஒரு கோடு வாங்குவதற்கு எஸ்.எம்.எஸ். அனுப்பணும், எஸ்.எம்.எஸ். போக சிக்னல் வேணும், சிக்னல் இல்லாததால்தான் போர்ட் பண்ணவே வந்திருக்கிறார்கள். ஒரு அக்கா கையில் நாலு போன். வீட்டுக்காரர் சவூதியில், கூப்பிடுவது அந்த நம்பருக்குத்தான், பேங்க், கேஸ், ரேஷன் எல்லாம் அதே நம்பர். மூணு நாள் வந்து வந்து போனார். யாரோ மொட்டை மாடியில் நின்றால் கொஞ்சம் சிக்னல் வருகிறது என்று சொல்ல, பக்கத்து லாட்ஜ் மாடிக்கு ஒரு கூட்டமே ஏறியது.

அன்றைக்குச் செய்தி மிதமாக, யார் மனசும் நோகாமல் இருந்தது. மச்சினன் கேட்கிற ‘நியாயமான கவரேஜ்’ அதுதான் என்றால், அந்த அக்காவுக்கு அதனால் என்ன லாபம்? அதனால் ரெண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இந்தக் கத்தல் வீடியோவே மேல் என்பேன். காது வலிக்கும், ஆனால் முழிப்பு வரும். சொன்னதும் மச்சினன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே.

ஆனால் அவன் திருப்பிக் கேட்டதும் லேசான கேள்வி இல்லை. “மூடப் போகுது, மூடப் போகுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா எல்லாரும் ஓடிருவாங்க, அப்புறம் மூடத்தானே செய்யும்? சொன்னவனே குழி வெட்டுன மாதிரி ஆகாதா அத்தான்?” ஆகும். ஊர் வாய் ஒரு சீட்டுக் கம்பெனியை ஒரே ராத்திரியில் முடித்துவிடும், நல்ல சீட்டாக இருந்தாலும். அப்படிப் போனதை இதே பாளையங்கோட்டையில் பார்த்திருக்கிறேன். எச்சரிக்கைக்கும் வதந்திக்கும் நடுவே இருக்கிற கோடு எங்கே என்று என்னால் சுத்தமாகச் சொல்ல முடியவில்லை. யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று மூணும் சொன்னால் அது எச்சரிக்கை, ‘அவ்வளவுதான்!’ என்று மட்டும் சொன்னால் வதந்தி என்று அப்போதைக்குச் சமாளித்தேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. பி.எஸ்.என்.எல்.லுக்கு 2022-இல் மட்டும் 1.64 லட்சம் கோடி திட்டம் அறிவித்தார்களே, அதை மட்டும் ஏன் யாரும் மூடுவிழா என்று போடுவதில்லை என்று கேட்டான். போட்டார்கள், நீ பங்கு வாங்காததால் உன் கண்ணில் படவில்லை என்றேன்.

இவ்வளவு நேரமும் அந்தப் பெரியவர் ஒரு ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு டீயும் முடித்திருந்தார், காசு யார் கணக்கில் போனது என்று எனக்கு இன்னும் தெரியாது. மெதுவாக எழுந்து அண்ணாச்சியிடம் மறுபடி கேட்டார்.

“அப்ப நம்பர மாத்தணுமா, வேண்டாமா?”

அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார். “உம்ம வீட்டுக்குள்ள சிக்னல் வருதா?”

“வருது.”

“பேரன்கிட்ட பேசுனா தெளிவாக் கேக்கா?”

“கேக்கு.”

“அப்ப எதுக்கு மாத்துதீரு. ஒரு வருசத்துக்கு மொத்தமாப் போடணும்னு சொன்னீருல்லா, அத மட்டும் போடாதீரும். 84 நாளைக்குப் போடும். அது முடியும்போது வாரும், பாப்போம்.”

பெரியவர் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து நோட்டை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்து மச்சினன் நம்பர். வழக்கமாக வருஷத்துக்குப் போடுகிறவன். அண்ணாச்சி ஒன்றும் கேட்காமல் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் என்னைப் பார்க்காமல், போர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“எனக்கும் 84-ஏ போடுங்க அண்ணாச்சி.”